லென்ஸ் மாற்றிப் பார்த்தவர்கள்

பாரிசில் 1839 ஆகஸ்ட் 19 அன்று டாகெரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதற்கென விற்கப்பட்ட கேமராவில் ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. அதைச் செய்தவர் சார்ல் ஷெவாலியே என்ற பாரிஸ் கைவினைஞர். இரண்டு வகைக் கண்ணாடிகளை ஒட்டி நிறப்பிழையைக் குறைத்திருந்தார். ஆனால் படத்தின் ஓரங்களும் ஓரளவு தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸுக்கு முன்னால் சிறு துளையிட்ட தகடு வைத்தாக வேண்டும். லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணைப் புகைப்படக்காரர்கள் ‘எஃப்’ எண் என்பார்கள். எண் கூடினால் வெளிச்சம் குறையும். ஷெவாலியேயின் லென்ஸ் ஏறத்தாழ எஃப் 15. நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தன. கட்டடங்கள் அதற்குப் பொறுமையாக நின்றன; மனித முகம் நிற்கவில்லை.

அடுத்த ஆண்டே இதற்கு விடை வந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால், கண்ணாடியை உரசிப் பார்த்துத் திருத்தும் பழைய வழியை விட்டுவிட்டு, ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளையும் என்பதைக் கணக்குப் போட்டே ஒரு லென்ஸை உருவாக்கினார். கணக்கு மலையாகக் குவிந்தது. ஆஸ்திரிய இளவரசர் லுட்விக், பீரங்கிப் படையில் கணக்குப் பழகிய வீரர்களை அவருக்கு உதவிக்கு அனுப்பினார். நான்கு கண்ணாடிகள் கொண்ட அந்த லென்ஸின் அளவு எஃப் 3.6. ஷெவாலியேயின் லென்ஸை விடப் பதினாறு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தை உள்ளே விட்டது. ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒருமுறைத் தொகை மட்டுமே. அதனால் பெட்ஸ்வாலுக்கும் ஃபோக்ட்லெண்டருக்கும் இடையே எழுந்த பூசல் இருவரையும் நிரந்தரமாகப் பிரித்தது.

பெட்ஸ்வால் லென்ஸின் நடுப்பகுதி கூர்மையானது; ஓரம் குழைந்துவிடும். அதன் குவியம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம் போல வளைந்து விழுவதே காரணம். முகத்தை நடுவில் வைத்துப் படமெடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கு இது குறையாகப் படவில்லை. மலையையும் மரத்தையும் ஊரையும் எடுக்க விரும்பியவர்களுக்கோ இந்த லென்ஸ் பயன்படவில்லை. அவர்கள் பழைய எளிய லென்ஸையே வைத்துக்கொண்டார்கள். தொழில்காரர் ஒரு லென்ஸையும் விருப்பத்துக்காகப் படமெடுத்தவர் இன்னொரு லென்ஸையும் நாடிப் போனது இங்கேதான் தொடங்கியது.

விருப்பத்துக்காகப் படமெடுத்தவர்கள் தங்கள் படங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள முதலில் ஒரு தடை இருந்தது. டாகெர் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் படம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையில்தான் காகித நெகடிவ் வந்தது. ஒரு நெகடிவிலிருந்து வேண்டிய அளவு பிரதி எடுக்கலாம். நண்பருக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். லண்டனில் 1847-இல் ஒரு சிறு கலோடைப் குழு கூடத் தொடங்கியது. டால்பட்டின் காப்புரிமை பலரைத் தயங்க வைத்தது. 1852-இல் அவர் அதைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தபின் நிலைமை மாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் கலைகள் கழகத்தில் புகைப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அடுத்த மாதமே, 1853 ஜனவரியில், லண்டன் புகைப்படச் சங்கம் தோன்றியது. ஓவியர் சார்லஸ் ஈஸ்ட்லேக் தலைவர், ரோஜர் ஃபென்டன் செயலாளர். இன்றைய ராயல் புகைப்படச் சங்கத்தின் தொடக்கம் இதுதான்.

உறுப்பினர்களில் மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார், நிலக்கிழார் எனப் பலர் இருந்தார்கள். படத்தை விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனால் யாராவது பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. 1850-களின் நடுவில் அவர்களுள் சிலர் படப் பரிமாற்றக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் படத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் போதுமான எண்ணிக்கையில் அச்சிட்டுத் தர வேண்டும். எல்லாருடைய படங்களும் சேர்ந்த ஆல்பம் ஒன்று ஒவ்வொருவருக்கும் திரும்பி வரும். 1855-க்கும் 1857-க்குமான ஆல்பங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. படம் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற செய்முறைக் குறிப்பும் அதோடு சேர்ந்தே வரும். படத்தையும் அதை எடுத்த விதத்தையும் ஒன்றாகவே கொடுக்கும் இந்தப் பழக்கம் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களிடம் அன்று ஊன்றியது, இன்றுவரை போகவில்லை. ஒரு லென்ஸைப் பற்றி விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாமல், அதில் எடுத்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

இந்தியாவில் இதே பத்தாண்டில் மூன்று சங்கங்கள் எழுந்தன. பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-இலும் அவை தொடங்கின. சென்னையில் முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹன்டர். மருத்துவரான அவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் பின்னாளில் எழும்பூரின் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பள்ளியில் புகைப்படமும் கற்பிக்கப்பட்டது. இராணுவ அதிகாரியான லினேயஸ் டிரைப், 1855-இல் நடந்த சென்னைக் கண்காட்சிக்கு ஹளேபீடு, பேலூர் கோயில்களின் படங்களை அனுப்பிப் பதக்கம் பெற்றார். விருப்பத்தில் தொடங்கிய அந்த வேலை அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவியை அவருக்குப் பெற்றுத் தந்தது. மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என அவர் எடுத்த பெரிய காகித நெகடிவ் படங்கள் 1858-இல் ஆல்பங்களாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டி ஒரே படமாக்கினார். எந்த லென்ஸாலும் ஒரே பார்வையில் அடக்க முடியாத ஒன்றை இப்படி அடக்கிக் காட்டியது பெரிய சாதனை.

கட்டடக் கலையை எடுக்க முனைந்தவர்களுக்கு எளிய லென்ஸின் இன்னொரு குறையும் தெரிந்தது. துளைத் தகடு லென்ஸுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் படத்தின் ஓரத்தில் உள்ள நேர்கோடு வளைந்துவிடும். மரம் வளைந்து தெரிந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. தூண் வளைந்தால் கண் உடனே பிடித்துவிடும். ஒரே மாதிரியான இரு லென்ஸ்களைத் துளையின் இரு பக்கமும் எதிரெதிராக வைத்தால் ஒன்றின் வளைவை மற்றொன்று நேராக்கிவிடும். லண்டனில் டால்மயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் 1866-இல் தனித்தனியாக இந்த அமைப்பை எட்டினார்கள். டால்மயர் தம் லென்ஸுக்கு ரேப்பிட் ரெக்டிலீனியர் என்று பெயரிட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் கேமராக்களில் மிகுதியாக இருந்தது இந்த வகைதான்.

அதே லென்ஸை வாங்கி முற்றிலும் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார் ஜூலியா மார்கரெட் கேமரன். 1863-இன் இறுதியில், தம் 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவோடு தொடங்கியவர் அவர். முதலில் அவரிடம் இருந்தது பெட்ஸ்வால் அமைப்பில் பிரான்சில் செய்யப்பட்ட ஜாமேன் லென்ஸ். 1866-இல் 30 அங்குலக் குவிய நீளமுள்ள ரேப்பிட் ரெக்டிலீனியரும் பெரிய கேமராவும் வந்தன. படமெடுக்கப்படுபவரின் முகத்துக்கு வெகு அருகில் கேமராவை வைத்து, துளையை விரித்து, உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் குவியத்தை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் கூர்மையாக்கத் திருக மாட்டார். அவர் உறுப்பினராக இருந்த லண்டன் புகைப்படச் சங்கத்தின் இதழே இதைக் கைத்திறன் குறை என்று கண்டித்தது. ஓவியர்களும் கவிஞர்களும் போற்றினார்கள். இந்தப் பிணக்கில் நியாயம் கேமரனின் பக்கமே இருந்தது: லென்ஸின் பண்பை அதன் கூர்மையால் மட்டும் அளக்க முடியாது என்று படத்தால் காட்டியவர் அவர். 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் சில படங்கள் எடுத்தார். 1879-இல் இலங்கையிலேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார்.

உலர்தகடு கடைகளில் பரவலாகக் கிடைத்த 1870-களின் இறுதிக்குப் பிறகு கூட்டம் பெருகியது. அதுவரை தகட்டில் ரசாயனத்தைப் பூசி ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து போக வேண்டும். இப்போது தகட்டை வாங்கி வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுக்கலாம். 1888-இல் ஈஸ்ட்மன் 25 டாலருக்கு விற்ற கோடக் கேமரா, 100 படங்களுக்கான சுருளோடு வந்தது. அதன் லென்ஸைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. படமெடுப்பவர்கள் இரண்டு பிரிவானார்கள்: குடும்ப நினைவுக்காகப் பொத்தானை அழுத்தியவர்கள் ஒரு பக்கம், லென்ஸ் மாற்றி, இருட்டறையில் இரவைக் கழித்து, சங்கத்துக்குப் படம் கொண்டு போனவர்கள் மறுபக்கம்.

அந்த இரண்டாம் பிரிவினருக்கு ஜெர்மனியின் யேனா நகரம் ஒரு புதையலைத் திறந்துவிட்டது. ஓட்டோ ஷாட்டும் ஏர்ன்ஸ்ட் அபேயும் 1880-களின் நடுவில் பேரியம் சேர்த்த புதுவகைக் கண்ணாடிகளை உருக்கினார்கள். பெட்ஸ்வாலுக்குக் கிடைத்த கண்ணாடியால் முடியாதது இதனால் முடிந்தது: படத்தளத்தைத் தட்டையாக்கவும், ஓரத்துப் புள்ளி கோடாக இழுபடாமல் காக்கவும் ஒரே லென்ஸால் இயன்றது. சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1890-இல் இப்படி ஒரு லென்ஸைச் செய்தார். பின்னர் அது புரோட்டார் எனப்பட்டது. 1893-இல் டெனிஸ் டெய்லரின் மூன்று கண்ணாடி குக் லென்ஸும், 1902-இல் ருடால்ஃபின் டெஸ்ஸாரும் வந்தன. புரோட்டார் வரிசையில் ஒரு வசதி இருந்தது. முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பயன்படுத்தலாம். வெவ்வேறு நீளமுள்ள பாதிகளை ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். ஒரே இடத்தில் நின்று, பாதிகளைத் திருகி மாற்றி, முழுத் தெருவையும் ஒரு சன்னலையும் எடுக்க முடிந்தது. தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும் டெலிஃபோட்டோ லென்ஸை 1891-இல் மூவர் தனித்தனியாக உருவாக்கியதும் இதே காலத்தில்தான்.

லென்ஸ்கள் குறையற்றவையாக ஆன அதே ஆண்டுகளில் சங்கத்து ஆட்களில் பலர் குறையுள்ள லென்ஸ்களைத் தேடிப் போனார்கள். பீட்டர் ஹென்றி எமர்சன் 1889-இல் வெளியிட்ட நூலில், மனிதக் கண் ஒரு காட்சி முழுவதையும் ஒரே கூர்மையில் காண்பதில்லை, புகைப்படமும் அப்படியே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஜார்ஜ் டேவிசன் 1890-இல் லென்ஸையே விலக்கிவிட்டு ஊசித்துளை வழியாக ஒரு பண்ணையை எடுத்துக் காட்சிக்கு வைத்தார். ‘வெங்காய வயல்’ என்று பின்னர் அறியப்பட்ட அந்தப் படம் சங்கங்களை இரு கூறாக்கியது. பழைய சங்கத்தோடு ஒட்டாதவர்கள் 1892-இல் லிங்க்ட் ரிங் என்ற தனிக் குழுவை அமைத்து, அடுத்த ஆண்டு முதல் தங்களுக்கென ஒரு சலோன் கண்காட்சி நடத்தினார்கள். நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ், கேமரா கிளப்பின் இதழை நடத்தி, பிறகு 1903 முதல் 1917 வரை ‘கேமரா வொர்க்’ இதழை வெளியிட்டார். கேட்பவர்கள் இருந்ததால் செய்பவர்களும் வந்தார்கள். பெர்க்ஹைம் என்ற ஓவியருக்காக டால்மயர் நிறுவனம் மென்மையான படம் தரும் லென்ஸ் ஒன்றைச் செய்தது. பாஸ்டனில் பிங்க்ஹாம் அண்ட் ஸ்மித் நிறுவனம் வேண்டுமென்றே நிறப்பிழையை மிச்சம் வைத்த லென்ஸ்களைச் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேமரனைக் குற்றம் சொல்லக் காரணமான தன்மை இப்போது விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

ஊர் ஊராகச் சிதறியிருந்தவர்களைச் சேர்த்தது தபால். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தபால் வட்டங்கள் இயங்கின. ஒரு பெட்டியில் படங்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். பெட்டியைப் பெற்றவர் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் தம் கருத்தை எழுதுவார், தம் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார், அடுத்தவருக்கு அனுப்புவார். பெட்டி ஒரு சுற்று வந்து சேரும்போது தம் படத்தைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியது காத்திருக்கும். நேரில் சொல்லத் தயங்குவதையும் நோட்டில் எழுதிவிடலாம் என்பதால் அந்த விமர்சனங்கள் வெளிப்படையாக இருந்தன. அமெரிக்கக் கிளப்புகள் 1885-இல் கண்ணாடி ஸ்லைடுகளைச் சுற்றுக்கு விடும் பரிமாற்ற அமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. ஒரு நகரத்தின் ஸ்லைடுத் தொகுப்பை மற்ற நகரங்களில் மாய விளக்கால் திரையிட்டுக் கூட்டமாகப் பார்த்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 1925-இல் லைப்சிக் சந்தையில் தொடங்கியது. ஒஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைக்கா, சினிமா பிலிமில் 24-க்கு 36 மி.மீ. அளவில் படமெடுத்தது. முதலில் அதன் 50 மி.மீ. லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930-இல் திருகிக் கழற்றும் லென்ஸ் வந்தாலும் ஒவ்வொரு லென்ஸும் ஒவ்வொரு கேமராவுக்கெனத் தனியாகச் சரிசெய்யப்பட்டது. 1931-இல் லென்ஸின் இருக்கைக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம் 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தப்பட்ட பிறகே எந்த லைக்கா லென்ஸும் எந்த லைக்காவிலும் பொருந்தியது. நண்பரின் லென்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போடுவது அன்றிலிருந்துதான் எளிதாயிற்று.

கொழும்பில் அந்தக் கேமராவைக் கையில் எடுத்தவர்களில் லயனல் வென்ட் தலையானவர். 1900-இல் பிறந்தவர், வழக்கறிஞர் படிப்பு, பியானோ இசை, பிறகு புகைப்படம். 1934-இல் தொடங்கிய இலங்கைப் புகைப்படச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர். அதே ஆண்டின் ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் ஒலிப்பது அவருடைய குரல். நெகடிவையும் பாசிடிவையும் கலப்பது, வெளிச்சத்தைப் பாதியில் பாய்ச்சித் தலைகீழாக்குவது, பல படங்களை ஒன்றாக அச்சிடுவது என இருட்டறையிலும் அவர் முயலாதது குறைவு. 1938-இல் லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1944-இல் இறந்தார். கொழும்பில் அவர் பெயரிலான கலை அரங்கம் இன்றும் இயங்குகிறது.

போருக்குப் பின் ஜெர்மானியக் காப்புரிமைகள் செல்லாதவையாயின. லைக்காவின் 39 மி.மீ. திருகு ஜப்பான், சோவியத், பிரிட்டன், இத்தாலி நாட்டுக் கேமராக்களில் பரவியது. 1949-இல் டிரெஸ்டனில் உருவான 42 மி.மீ. திருகு அதைவிட விரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சோவியத்தின் செனித், ஜப்பானின் பென்டாக்ஸ் என எல்லாவற்றின் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஜப்பானிய லென்ஸ்களுக்கு மேற்கில் பெயர் வந்ததும் படத்தைக் காட்டிப் பகிர்ந்ததால்தான். 1950-இல் டோக்கியோவில் ஜுன் மிகி, 85 மி.மீ. நிக்கோர் லென்ஸில் தாம் எடுத்த படத்தை லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனிடம் காட்டினார். அதன் கூர்மையை நம்ப முடியாமல் டங்கன் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார். தம் லைக்காவில் நிக்கோர் லென்ஸ்களைப் பொருத்திக்கொண்டு கொரியப் போரை எடுக்கச் சென்றார்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் நல்ல லென்ஸை எட்டாத பொருளாக்கின. வதோதராவில் செய்யப்பட்ட ஆக்ஃபா கிளிக் 3 வீடுகளுக்குப் போதுமானதாக இருந்தது. லென்ஸ் மாற்ற விரும்பியவர்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்களையும் பழைய கேமரா விற்பவர்களையும் நம்பியிருந்தார்கள். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் அச்சுத்தாளும் தந்தது. தமிழிலும் எழுதிய இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் தாமே இணைத்துச் செய்த கருவியால் யானைகளையும் காட்டெருமைகளையும் எடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். சங்கங்கள் 1953-இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. உறுப்பினர்கள் பெரிய அச்சுகளை வெளிநாட்டுச் சலோன்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். பல நாடுகள் சுற்றித் திரும்பிய அச்சின் பின்பக்கம் முழுக்கச் சலோன் வில்லைகள் ஒட்டியிருக்கும்.

ஆட்டோஃபோகஸ் வந்த 1980-களில் திருகு லென்ஸ்கள் பரணுக்குப் போயின. அவற்றை இறக்கியது 2008-இல் வந்த கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமரா. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்ந்த கண்ணாடி அசைய இடம் வேண்டும் என்பதால் 42 மி.மீ. திருகில் அந்தத் தூரம் 45.46 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. கண்ணாடி நீங்கியதும் அது 20 மி.மீ. அளவுக்கும் கீழேயும் சுருங்கியது. மிச்சமான இடைவெளியை ஒரு உலோக வளையத்தால் நிரப்பினால் ஏறத்தாழ எந்தப் பழைய லென்ஸும் புதிய கேமராவில் உட்காரும். சோவியத்தின் ஹீலியோஸ் 44, பின்புலத்தைச் சுழல் போலக் காட்டும் தன்மைக்காகவே மீண்டும் தேடப்பட்டது. பெட்ஸ்வால் அமைப்பில் ஒரு புதிய லென்ஸைச் செய்ய 2013-இல் லோமோகிராஃபி நிறுவனம் பணம் திரட்டியபோது ஆயிரக்கணக்கானோர் முன்பணம் கட்டினார்கள்.

பழைய லென்ஸ்களுக்குச் சில தனிப் பராமரிப்புகள் உண்டு. 1960-களில் வந்த சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. காலப்போக்கில் அது தேநீர் நிறமாகிவிடும். சில நாட்கள் வெயிலிலோ புறஊதா விளக்கின் கீழோ வைத்தால் நிறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். துளை இதழ்களில் எண்ணெய் கசிந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பெரிய பகை பூஞ்சைதான். பழைய லென்ஸை வாங்குபவர் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற இழை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார். வாங்கியதை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டியிலோ, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவிலோ வைக்கிறார்.